கல்லூரிகளின் உறுப்பினர் சான்றிதழ்கள் பட்டத்துக்கும் கிரெடிட்டுக்கும் உதவுமா?

கல்வி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளுக்கு பி.இ. கணினி அறிவியல் படிக்க ஒரு தனியார் கல்லூரியைப் பார்த்து வந்தோம். கையேட்டின் முதல் பக்கத்தில் இந்தியத் தொழில்நுட்பக் கல்விச் சங்கம், இந்தியக் கணினிச் சங்கம், மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ., இந்தியத் தொழில் கூட்டமைப்பு, ஐ.எஸ்.ஓ. 9001 ஆகிய சின்னங்களை அச்சிட்டு, “தேசிய, சர்வதேச அங்கீகாரம் பெற்ற கல்லூரி” என்று போட்டிருக்கிறார்கள். நாக் (தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு) தந்த தரம் என்ன என்று கேட்டதற்கு, விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னார்கள். இத்தனை அமைப்புகள் ஏற்றுக்கொண்ட கல்லூரியை நம்பிச் சேர்க்கலாமா?
— ஒரு தந்தை, நாமக்கல்

பதில்: நீங்கள் குறிப்பிட்டுள்ள ஐந்தில் ஒன்றுகூடக் கல்லூரிக்கான தர அங்கீகாரம் அல்ல. அந்த அமைப்புகள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. தொழில்நுட்பக் கல்விச் சங்கம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்துகிறது. 1965ல் தொடங்கிய கணினிச் சங்கமும் ஐ.இ.இ.இ.யும் மாணவர் கிளைகள் வழியாகக் கருத்தரங்குகளையும் போட்டிகளையும் நடத்துகின்றன. தொழில் கூட்டமைப்பு என்பது தொழில் நிறுவனங்களின் அமைப்பு. விண்ணப்பமும் ஆண்டுக் கட்டணமும் செலுத்தினால் கல்லூரி இவற்றில் சேரலாம். சேர்த்துக்கொள்வதற்கு முன் ஒரு குழுவை அனுப்பி, உங்கள் மகள் படிக்கப்போகும் துறையில் எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஆய்வகத்தில் எத்தனை கணினிகள் ஓடுகின்றன, தேர்வுத் தாள்கள் எப்படித் திருத்தப்படுகின்றன என்று இவற்றில் எந்த அமைப்பும் ஆராய்வதில்லை. அது அவற்றின் வேலையும் அல்ல. ஐ.எஸ்.ஓ. 9001 நிர்வாக நடைமுறை பற்றிய ஒரு தரநிலை. ஜெனீவாவில் உள்ள ஐ.எஸ்.ஓ. அமைப்பு தரநிலையை எழுதி வெளியிடுவதோடு நிறுத்திக்கொள்கிறது. அது தானாக யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. சான்றிதழைத் தருபவை வேறு சான்றளிப்பு நிறுவனங்கள். அலுவலக வேலைகள் எழுதிவைத்த முறைப்படி நடக்கின்றன என்பதை அச்சான்றிதழ் காட்டலாம். பாடம் எப்படி நடக்கிறது என்பதை அது காட்டாது.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது வேறு இரண்டு ஆவணங்கள். நம் நாட்டில் பட்டம் வழங்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதை 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் (யு.ஜி.சி.) சட்டத்தின் 22ஆவது பிரிவு சொல்கிறது: மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், அதே சட்டத்தின் 3ஆவது பிரிவின்கீழ் அறிவிக்கப்பட்ட நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியே அதிகாரமளித்த நிறுவனம் ஆகியவற்றுக்கு மட்டுமே அந்த உரிமை உண்டு. நீங்கள் பார்த்த கல்லூரி பட்டம் தரப்போவதில்லை. அது அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற கல்லூரியானால் அப்பல்கலைக்கழகம்தான் தரும். கல்லூரி தன்னாட்சி பெற்றதாக இருந்தாலும் பட்டச் சான்றிதழ் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும். ஆகவே இந்தக் கல்வியாண்டுக்கான இணைவு ஆணையையும், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. வழங்கிய அனுமதி நீட்டிப்புக் கடிதத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டாவது கடிதத்தில் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் எத்தனை இடங்கள் என்று எழுதியிருக்கும். உங்கள் மகள் சேரும் பிரிவின் பெயர் அதில் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். ‘கணினி அறிவியல்’ என்பதும் ‘கணினி அறிவியல் – செயற்கை நுண்ணறிவு’ என்பதும் அனுமதிக் கடிதத்தில் வெவ்வேறு பிரிவுகள்.

இந்த இரண்டும் சரியாக இருந்தால் பட்டம் செல்லும். கல்வி நன்றாக இருக்குமா என்பது அடுத்த கேள்வி. அதற்குத்தான் நாக் குழுவும் தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ.யும் இருக்கின்றன. இரண்டும் 1994ல் தொடங்கப்பட்டவை. இவற்றுக்கிடையிலான வேறுபாட்டைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. நாக் கல்லூரி முழுவதையும் மதிப்பிடுகிறது, என்.பி.ஏ. ஒவ்வொரு பாடப்பிரிவையும் தனித்தனியே மதிப்பிடுகிறது. இயந்திரவியலுக்கு என்.பி.ஏ. கிடைத்த கல்லூரி, “என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது” என்று வாசலில் எழுதிவைத்துவிட்டு, அந்தப் பலகையைக் காட்டியே செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு மாணவர்களைச் சேர்ப்பது சாதாரணமாக நடக்கிறது. ஒரு பிரிவில் குறைந்தது இரண்டு அணி மாணவர்கள் படித்து முடித்து வெளியேறிய பிறகே அது என்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்க முடியும். எனவே புதிதாகத் தொடங்கிய பிரிவுக்கு அது இல்லாதது குற்றமல்ல. இருப்பதுபோல் காட்டுவதுதான் தவறு. நாக், என்.பி.ஏ. இரண்டுக்குமே காலவரையறை உண்டு. காலாவதியான சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கு மதிப்பில்லை. ஏ++ முதலிய எழுத்துத் தரங்களை விட்டுவிட்டு, அங்கீகாரம் உண்டு அல்லது இல்லை என்ற முறைக்கு மாறுவதாக நாக் 2024ல் அறிவித்திருப்பதால், தரத்தின் எழுத்தோடு அது எந்த ஆண்டு வழங்கப்பட்டது என்பதையும் பாருங்கள். “விண்ணப்பித்திருக்கிறோம்” என்ற பதிலை, இப்போது இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவிலோ கனடாவிலோ பொறியாளராகப் பதிவு செய்ய விரும்பினால் இன்னொரு செய்தியும் தேவைப்படும். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்காக 1989ல் உருவான வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியாவின் என்.பி.ஏ. 2014 ஜூன் 13 அன்று நிரந்தர உறுப்பினரானது. ஆனால் அந்த ஏற்பு, என்.பி.ஏ. முதல் அடுக்கு என வகைப்படுத்தும் நிறுவனங்களின் பாடப்பிரிவுகளுக்கு மட்டுமே பொருந்தும். பல்கலைக்கழகத் துறைகள், ஐ.ஐ.டி.கள், தன்னாட்சிக் கல்லூரிகள் போன்றவை முதல் அடுக்கில் வரும்; தன்னாட்சி இல்லாத இணைவுக் கல்லூரிகள் இரண்டாம் அடுக்கில் வரும். இரண்டாம் அடுக்கில் என்.பி.ஏ. பெற்ற பிரிவு உள்நாட்டில் மதிப்புள்ளதே. உடன்படிக்கையின் பலன் மட்டும் அதற்குக் கிடைக்காது. இதைக் கல்லூரிகள் சொல்வதில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

உறுப்பினர் சின்னங்களை முற்றாக ஒதுக்கவும் வேண்டாம். ஐ.இ.இ.இ. மாணவர் கிளை உண்மையிலேயே இயங்கும் கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கு நல்ல தொடர்புகள் கிடைக்கும். சென்ற ஆண்டு அந்தக் கிளை என்னென்ன நடத்தியது என்று, அலுவலகத்தாரை விட்டுவிட்டு அங்கே படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: கோவையில் ஒரு தன்னாட்சிக் கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்கிறது. எங்கள் கல்லூரி பல அமைப்புகளில் உறுப்பினர். எனக்குக் கிரெடிட் வங்கிக் கணக்கும் இருக்கிறது. மூன்றாம் ஆண்டை நேரடியாகச் சென்னைக் கல்லூரியில் தொடர முடியுமா?
— மாணவி, கோயம்புத்தூர்

பதில்: கல்லூரி எந்தெந்த அமைப்புகளில் உறுப்பினர் என்பதற்கும் உங்கள் கிரெடிட்களுக்கும் தொடர்பே இல்லை. கிரெடிட் என்பது ஒரு பாடத்தை முடித்ததற்குத் தரப்படும் மதிப்பு அலகு. அதை உருவாக்குவது உங்கள் கல்லூரி நடத்திய பாடமும் தேர்வும். அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது நீங்கள் போய்ச் சேரும் பல்கலைக்கழகம். இடையில் எந்தச் சங்கத்துக்கும் வேலையில்லை.

கிரெடிட் வங்கியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதைப் பற்றித் தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. யு.ஜி.சி. 2021 ஜூலையில் வெளியிட்ட விதிமுறைகளின்படி தொடங்கிய இந்த வங்கி, நீங்கள் தேர்ச்சி பெற்ற பாடங்களின் கிரெடிட்களை உங்கள் பெயரில் பதிந்து பாதுகாக்கிறது. கல்லூரிதான் அவற்றைப் பதிவேற்றும். மாணவர் தாமாக எதையும் போட முடியாது. பதிந்த கிரெடிட்கள் அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் செல்லும். ஒரு பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்களில் குறைந்தது 50 விழுக்காட்டைப் பட்டம் வழங்கும் நிறுவனத்திலேயே பெற்றிருக்க வேண்டும் என்றும் அவ்விதிமுறைகள் சொல்கின்றன. உங்கள் நிலைமையில் இந்தக் கடைசி விதிதான் கடினமானது. மூன்றாண்டுப் பட்டத்தில் இரண்டு ஆண்டுகளை முடித்துவிட்டு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால், அங்கே பெறப்போவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிரெடிட்தான். இந்த வங்கி வழியில் அது போதாது. மேலும், கணக்கில் கிரெடிட் இருப்பதாலேயே இன்னொரு கல்லூரி இடம் தரக் கடமைப்பட்டதாகாது.

உங்களுக்கு உள்ள வழி, பழைய முறையிலான கல்லூரி மாற்றம். அதற்குச் சென்னைக் கல்லூரியில் அதே பாடத்தில் மூன்றாம் ஆண்டில் காலியிடம் இருக்க வேண்டும். இரு கல்லூரி முதல்வர்களும் இசைய வேண்டும். அங்குள்ள பல்கலைக்கழகம் உங்கள் பாடத்திட்டத்தைத் தன்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்து, படிக்காமல் விட்ட தாள்களைக் கூடுதலாக எழுதச் சொல்லி அனுமதி தர வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தைத் தாமே வகுப்பதால் இந்த ஒப்பீட்டில் தாள்கள் விடுபட்டிருப்பது வழக்கம். முதலாண்டு முடிவிலேயே கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். இப்போது நான் சொல்லக்கூடியது: இன்னும் ஓராண்டுதான் என்பதால், விடுதியில் தங்கிக் கோவையிலேயே முடித்துவிட்டு முதுநிலையைச் சென்னையில் படியுங்கள். பணச் சிரமம் காரணமாக அது முடியாதென்றால் மட்டும் மாற்றத்துக்கு முயலுங்கள்.

கூடவே ஒன்று. ஸ்வயம், என்.பி.டெல் ஆகிய இணையவழிப் படிப்புத் தளங்களில் தேர்வெழுதிப் பெறும் கிரெடிட்களை ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஏற்கலாம் என்று யு.ஜி.சி. 2021ல் அனுமதித்திருக்கிறது. அதற்கும் உங்கள் கல்லூரியின் கல்விக் குழு ஒப்புக்கொண்டு, எந்தத் தாளுக்குப் பதிலாக எது என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். சங்கங்கள் நடத்தும் இரண்டு நாள் பயிலரங்கின் பங்கேற்புச் சான்றிதழ் இந்தக் கணக்கில் வராது.

கேள்வி: என் மகனைச் சேர்க்கப் பார்த்த சென்னைக் கல்லூரி ஒன்று, பி.காம். பட்டத்தோடு ஏ.சி.சி.ஏ.வும் சேர்த்துத் தருவதாகச் சொல்லி வழக்கமான கட்டணத்தைவிடப் பல மடங்கு கேட்கிறது. “ஒன்பது தாள்களுக்குக் கிரெடிட் டிரான்ஸ்பர் கிடைக்கும், படித்து முடித்தால் சி.ஏ.வுக்குச் சமம்” என்கிறார்கள். உண்மையா?
— ஒரு தாய், தாம்பரம்

பதில்: பாதி உண்மை. அந்தப் பாதி எது என்பதைத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.

ஏ.சி.சி.ஏ. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட, 1904 முதல் இயங்கும் ஒரு கணக்காளர் அமைப்பு. இப்போதுள்ள அமைப்பில் அதன் தேர்வுகள் 13. பி.காம். முதலிய பட்டங்களைப் படித்தவர்களுக்கு, அவர்கள் படித்த பாடங்களைப் பொறுத்து முதல் இரண்டு நிலைகளிலுள்ள ஒன்பது தாள்கள் வரை விலக்கு அளிக்கிறார்கள். கடைசி நிலையின் நான்கு தாள்களுக்கு யாருக்கும் விலக்கு இல்லை. அந்த நான்கும்தான் கடினமானவை. ஒன்பதுக்கும் விலக்கு என்பது, அந்தக் கல்லூரியின் அந்தக் குறிப்பிட்ட பட்டப்படிப்பை ஏ.சி.சி.ஏ. ஆராய்ந்து ஏற்றிருந்தால்தான் கிடைக்கும். ஏ.சி.சி.ஏ. தன் இணையதளத்திலேயே விலக்குகளைக் கணக்கிட்டுப் பார்க்கும் வசதியை வைத்திருக்கிறது. கல்லூரியின் பெயரையும் பட்டத்தின் பெயரையும் ஆண்டையும் அங்கே இட்டுப் பாருங்கள். விலக்குக் கிடைக்கும் தாள்களுக்கும் கட்டணம் உண்டு. அது கல்லூரி கேட்கும் தொகைக்குள் அடங்குகிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இது கிரெடிட் மாற்றமும் அல்ல. கிரெடிட் மாற்றத்தில் ஒரு பட்டத்துக்காகப் படித்தது இன்னொரு பட்டத்தின் கணக்கில் சேரும். இங்கே பி.காம். தருவது பல்கலைக்கழகம்; ஏ.சி.சி.ஏ. தருவது தொழில்முறை உறுப்பினர் தகுதி, அதுவும் எல்லாத் தேர்வுகளோடு மூன்று ஆண்டுப் பணி அனுபவமும் நிறைந்த பிறகு. மகன் ஏ.சி.சி.ஏ.வைப் பாதியில் விட்டாலும் பி.காம். அவனுக்குக் கிடைக்கும். பி.காமைப் பாதியில் விட்டால் பட்டத்தை வைத்துக் கிடைக்கும் விலக்குகளும் போய்விடும்.

“சி.ஏ.வுக்குச் சமம்” என்ற பேச்சை ஏற்காதீர்கள். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி ஒரு நிறுவனத்தின் தணிக்கையாளராக நியமிக்கப்படுவதற்கு, 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் உறுப்பினராகவும் தொழில் நடத்தும் சான்று பெற்றவராகவும் இருக்க வேண்டும். அங்கே உறுப்பினர் என்பதே சட்டம் தந்த உரிமை. மற்றச் சங்க உறுப்பினர் தகுதிகளிலிருந்து அது இந்த விதத்தில் வேறுபட்டது. ஏ.சி.சி.ஏ. முடித்தவர்களுக்குப் பன்னாட்டு நிறுவனங்களிலும் வெளிநாடுகளிலும் நல்ல வேலை கிடைக்கிறது. இந்தியாவில் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமை கிடைக்காது.

கேள்வி: நான் டிப்ளமோ முடித்துத் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஒரு பொறியாளர் நிறுவனத்தில் உறுப்பினராகித் தேர்வு எழுதினால் அது பி.இ.க்குச் சமம், பதவி உயர்வு கிடைக்கும் என்று ஒருவர் சொல்லிப் பணம் கேட்கிறார். சேரட்டுமா?
— தொழிலாளர், திருச்சி

பதில்: சேர வேண்டாம், தம்பி. அவர் சொல்வது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. அதனால்தான் கேட்பவர்கள் நம்பிவிடுகிறார்கள். 1920ல் தொடங்கி 1935ல் அரச சாசனம் பெற்ற இந்தியப் பொறியாளர் நிறுவனத்தின் ஏ.எம்.ஐ.இ. தேர்வை முடித்தவர்களை, மத்திய அரசு வேலைகளுக்குப் பொறியியல் பட்டதாரிகளுக்குச் சமமாகக் கருதினார்கள். கல்லூரிக்குப் போக வசதியில்லாமல், பகலில் வேலை பார்த்து இரவில் படித்து அந்தத் தேர்வை வென்றவர்கள் தமிழ்நாட்டில் பலர் உண்டு. அது எளிதான தேர்வு அல்ல. அவர்களின் உழைப்பை மதிக்கிறேன்.

ஆனால் 2012ல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் இந்தச் சலுகைக்கு முடிவு கட்டியது. நிரந்தர ஏற்புப் பெற்றிருந்த தொழில்முறை நிறுவனங்களில் 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அந்தச் சமநிலை உண்டு. இந்திய இயந்திரவியல் பொறியாளர் நிறுவனம் தொடர்பான வழக்கில் 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றமும், தொழில்முறை நிறுவனம் உறுப்பினர் தேர்வு நடத்தித் தரும் சான்றிதழைப் பட்டமாகக் கொள்ள முடியாது என்று கூறியது. அந்தத் தேதிக்கு முன் பதிவு செய்தவர்களின் உரிமையை மட்டும் காத்தது. இப்போது பதிவு செய்பவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அஞ்சல் வழிப் பொறியியல் பட்டம் என்று யாராவது வந்தால் அதையும் தவிர்த்துவிடுங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில உரிய அனுமதியின்றி அவ்வாறு தந்த பட்டங்கள் 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வரை போய், படித்தவர்கள்தான் துன்பப்பட்டார்கள்.

உங்களுக்கு நேர்வழி இருக்கிறது. டிப்ளமோ முடித்தவர்கள் கலந்தாய்வு வழியாக நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேரலாம். வேலையை விட முடியாது என்றால், கோவை போன்ற இடங்களில் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகள் நடத்திவரும் பகுதிநேர பி.இ. உண்டு, 2023 முதல் பணியில் உள்ளவர்களுக்கென்று மாலை வகுப்புகள் நடத்தவும் ஏ.ஐ.சி.டி.இ. கல்லூரிகளுக்கு அனுமதி தந்திருக்கிறது. திருச்சிப் பகுதியில் எந்தக் கல்லூரிக்கு அந்த அனுமதி உள்ளது என்பதை ஏ.ஐ.சி.டி.இ. தளத்தில் பாருங்கள். சேருவதற்கு முன், எந்தப் படிப்பைப் பதவி உயர்வுக்கு ஏற்பார்கள் என்று உங்கள் நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எம்.பி.ஏ. கல்லூரி ஒன்று “ஏ.ஏ.சி.எஸ்.பி. உறுப்பினர்” என்று விளம்பரம் செய்கிறது. இது உலகத் தர அங்கீகாரம்தானே?
— பட்டதாரி, சேலம்

பதில்: இல்லை. 1916ல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.ஏ.சி.எஸ்.பி., வணிகக் கல்லூரிகளுக்கு உறுப்பினர் தகுதி, தர அங்கீகாரம் என்ற இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது. கட்டணம் செலுத்தி உறுப்பினராவது முதல் படி. அதன்பின் சுய மதிப்பீடு, வழிகாட்டியின் மேற்பார்வை, நேரில் வரும் குழுவின் ஆய்வு என்று சில ஆண்டுகள் கடந்தால்தான் அங்கீகாரம் கிடைக்கும். பல கல்லூரிகள் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. ஐரோப்பாவின் இ.எஃப்.எம்.டி. உறுப்பினர் தகுதிக்கும் அதே அமைப்பு தரும் ஈக்விஸ் அங்கீகாரத்துக்கும் இதே வேறுபாடு உண்டு. இரு அமைப்புகளும் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியலைத் தனியே வெளியிடுகின்றன. அந்தப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அங்கீகாரம் இல்லை.

கேள்வி: மகனை அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரியில் முதல் ஆண்டு சேர்த்து, பிறகு பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாற்றிவிடலாம், செலவு குறையும் என்கிறார் முகவர். அந்தக் கல்லூரி பல கல்விச் சங்கங்களில் உறுப்பினர் என்றும், விசாவுக்கான ஐ-20 படிவம் தருவதால் அரசு ஏற்ற கல்லூரிதான் என்றும் சொல்கிறார். நம்பலாமா?
— ஒரு தந்தை, மதுரை

பதில்: திட்டம் நல்லதுதான். அமெரிக்கக் குடும்பங்களே அப்படிச் செய்கின்றன. முகவர் காட்டும் ஆதாரங்கள்தான் தவறு.

அமெரிக்காவில் அரசு நேரடியாகக் கல்லூரிகளுக்குத் தர அங்கீகாரம் தருவதில்லை. தனியார் அங்கீகார முகமைகள் தருகின்றன. அந்த முகமைகளை அந்நாட்டுக் கல்வித் துறையும், சியா எனப்படும் உயர்கல்வி அங்கீகார அவையும் ஏற்கின்றன. எனவே இரண்டு கேள்விகள்: கல்லூரிக்கு அங்கீகாரம் தந்தது யார், அந்த முகமையை யார் ஏற்றிருக்கிறார்கள்? முகமைகளே ஏற்பை இழப்பதும் உண்டு. ஏ.சி.ஐ.சி.எஸ். என்ற முகமையின் ஏற்பைக் கல்வித் துறை 2022 ஆகஸ்டில் இறுதியாக நீக்கியது. அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியலைக் கல்வித் துறையின் தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

ஐ-20 தரும் உரிமை குடிவரவுத் துறையின் சான்றால் வருகிறது. கல்வித் தரத்தின் சான்று அல்ல. தர அங்கீகாரம் இல்லாத கல்லூரியும், தன் கிரெடிட்களை அங்கீகாரம் பெற்ற மூன்று நிறுவனங்கள் ஏற்றிருப்பதாகக் காட்டினால் அந்தச் சான்றைப் பெற முடியும். கலிபோர்னியாவின் பிளெசன்டன் நகரிலிருந்த டிரை-வேலி பல்கலைக்கழகம் பொய்யான ஆவணங்களைக் கொடுத்து அப்படித்தான் சான்று பெற்றது. 2011 ஜனவரியில் அதிகாரிகள் அதை மூடியபோது அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள், குறிப்பாக ஆந்திரத்திலிருந்து போனவர்கள். சிலருக்குக் காலில் கண்காணிப்புக் கருவி மாட்டப்பட்டது. நிறுவனத் தலைவர் 2014ல் தண்டிக்கப்பட்டு 16 ஆண்டுகளுக்கும் மேலான சிறைத்தண்டனை பெற்றார். மாணவர்கள் செலவழித்த பணமும் காலமும் திரும்பவில்லை. அந்தக் குடும்பங்களை நினைக்கும்போது, “ஐ-20 இருக்கிறதே” என்று சமாதானம் சொல்லும் முகவர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது.

அங்கீகாரம் இருந்தாலும் கிரெடிட் தானாக மாறிவிடாது. எந்தப் பாடத்தை ஏற்பது என்பதைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகமே முடிவு செய்யும். இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட்கள் வேண்டும். மாற்றிக்கொண்டு வரும்போது சில பாடங்கள் விருப்பப் பாடக் கணக்கில் மட்டும் சேர்ந்து, முதன்மைப் பாடத்துக்கு உதவாமல் போகலாம். இதற்குத் தீர்வு, இரு கல்லூரிகளுக்கு இடையே எழுத்தில் உள்ள பாட ஒப்பந்தம். கலிபோர்னியாவில் சமுதாயக் கல்லூரிகளின் எந்தப் பாடம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்பதை அசிஸ்ட் என்ற பொதுத் தளத்தில் பாடவாரியாக வெளியிட்டிருக்கிறார்கள். முகவர் சொல்லும் பெரிய பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு மகனே மின்னஞ்சல் எழுதி, “இந்தக் கல்லூரியின் இந்தப் பாடங்களை ஏற்பீர்களா” என்று கேட்கட்டும். பதில் சில நாள்களில் வரும்.

மகன் திரும்பி வந்து இங்கே வேலை தேடினாலும் இது முக்கியம். வெளிநாட்டுப் பட்டங்களுக்குச் சமநிலை வழங்குவது பற்றி யு.ஜி.சி. 2025 ஏப்ரலில் வெளியிட்ட விதிமுறைகள், பட்டம் தந்த நிறுவனம் அதன் சொந்த நாட்டில் முறையான ஏற்புப் பெற்றிருக்க வேண்டும் என்று கேட்கின்றன. சங்க உறுப்பினர் தகுதி அங்கேயும் உதவாது.

கேள்வி: பின்னால் வேறு கல்லூரிக்கோ வெளிநாட்டுக்கோ போக நேர்ந்தால் உதவும் என்று இப்போதே எந்தெந்த ஆவணங்களைச் சேர்த்து வைக்க வேண்டும்?
— முதலாண்டு மாணவர், தஞ்சாவூர்

பதில்: மதிப்பெண் பட்டியல்களை எல்லோரும் பத்திரப்படுத்துகிறார்கள். பாடத்திட்டத்தை யாரும் வைத்துக்கொள்வதில்லை. கிரெடிட்டை ஏற்பதா என்று முடிவு செய்பவர், நீங்கள் எத்தனை மதிப்பெண் வாங்கினீர்கள் என்பதோடு, அந்தத் தாளில் என்ன படித்தீர்கள், எத்தனை மணி நேரம், எந்தப் பாடநூல் என்றும் பார்ப்பார். கல்லூரிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பாடத்திட்டத்தை மாற்றிவிடுவதால், நீங்கள் கேட்கும்போது உங்கள் காலத்துப் பிரதி அலுவலகத்தில் இல்லாமல் போகலாம். ஆகவே ஒவ்வோர் ஆண்டு முடிவிலும், அந்த ஆண்டின் எல்லாத் தாள்களுக்கும் முழுப் பாடத்திட்டத்தை அச்சிட்டு, முதல்வர் கையெழுத்தும் கல்லூரி முத்திரையும் வாங்கி வையுங்கள். நீங்கள் சேர்ந்த ஆண்டில் உங்கள் பிரிவுக்கு நடப்பிலிருந்த அனுமதிக் கடிதம், இணைவு ஆணை, நாக் அல்லது என்.பி.ஏ. சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களையும் அதே கோப்பில் சேருங்கள். கிரெடிட் வங்கிக் கணக்கை ஒவ்வொரு பருவத் தேர்வு முடிவுக்குப் பின்னும் திறந்து பார்த்து, ஏதாவது தாள் பதிவாகாமல் இருந்தால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் உடனே எழுத்தில் முறையிட்டு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள்.